விருந்தாளிப் பிள்ளை

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு மூன்றரைக் கால்தான். மீதி அரைக் காலுக்கு ஒரு தடித்த அகராதியை முட்டுக் கொடுத்திருந்தேன். யாராவது ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் நான் எழுந்து நிற்க வேண்டும். நல்லவேளை, எங்கள் பள்ளியில் பொருள் கேட்கிறவர்கள் குறைவு. அதனால் என் இடுப்பு பிழைத்தது.

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள். ஓய்வு பெற்ற இந்த எட்டு வருஷமாக அதுதான் எனக்கு முழுநேர வேலை. பக்கத்து வீட்டுப் பூனை என் கதையில் மாதம் ஒரு சாண் வளர்கிறது. இப்போது அது கதவில் குனிந்துதான் நுழைகிறது. ஆனால் நீங்கள் கொடுத்த இந்தத் தாளில் கூட்டல் வேண்டாம் என்று இருக்கிறேன். பழக்கதோஷத்தில் எங்காவது வந்துவிட்டால் நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

லிப்ட் வைப்பதற்காகப் பள்ளியின் படிக்கட்டுக்கடியில் சுவரை உடைத்தார்கள் என்றும், சுவருக்குப் பின்னால் பூட்டிய கதவு ஒன்று இருந்தது என்றும், கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளையின் எலும்புகள் கிடைத்தன என்றும் சொன்னீர்கள். பள்ளியின் எந்தப் பதிவேட்டிலும் அப்படி ஒரு பிள்ளை காணாமல் போனதாக இல்லை என்றீர்கள். சுவர் எழுப்பச் சொல்லிக் கொத்தனாருக்குப் போன கடிதத்தில் என் கையெழுத்தைக் காட்டினீர்கள். என்னுடையதுதான். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகும் மை மங்கவில்லை, பார்த்தீர்களா. அந்தப் பிள்ளை யார் என்று நான் சொல்கிறேன். ஆனால் பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் பிள்ளையை மட்டும் சொன்னால் உங்களுக்கு என்மேல் தப்பபிப்பிராயம் வந்துவிடும்.

அது அப்போது தனியார் பெண்கள் பள்ளி. ஒரு புண்ணியவதி தன் வீட்டையே பள்ளியாக்கி, பிறகு மாடி கட்டி, மாடிக்கு மேல் மாடி கட்டி, கடைசியில் மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு இரண்டு மகன்கள். பெண்பிள்ளைகளின் படிப்பில் இருவருக்கும் அக்கறை உண்டு, பள்ளியை இடித்துக் கடைகள் கட்டுவதில் அதைவிட அதிக அக்கறை. வருஷக் கடைசிக்குள் அரசாங்கம் பள்ளியை ஏற்றுக்கொண்டால் ஏற்கட்டும், இல்லையென்றால் இடிக்கிறோம் என்று தேதி குறித்துவிட்டார்கள். அரசு ஏற்றுக்கொண்டால் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, எங்களுக்கு நிலையான வேலை. ஏற்காவிட்டால் அறுநூறு பெண்கள் தெருவில்.

எங்கள் தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். அவர் இருமினால் இரண்டு தெரு தள்ளி நிற்கிற பேருந்தில் ஆண்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவர் அரசு அலுவலகத்துக் கோப்பு என்றால் மட்டும் குழந்தை. எழுதுவது, அனுப்புவது, திரும்பி வந்தால் மறுபடி எழுதுவது எல்லாம் நான். கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை, குடிநீர்க் குழாய் இரண்டு குறைகிறது என்று. அடுத்த முறை, ஆய்வுக்கூடத்து ஜன்னல் உள்பக்கம் திறக்கிறது, வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று. ஜன்னல் திறக்கும் திசையை மாற்ற எங்களுக்கு நாலு மாதம் ஆனது. மூன்றாவது பார்வைதான் கடைசி.

இன்னொரு விதி, வகுப்புக்கு நாற்பது பேர். பெயர்ப் பட்டியலில் நாற்பது, பெஞ்சில் நாற்பது. ஒன்று கூடினாலும் இன்னொரு பிரிவு வேண்டும், இன்னொரு அறை வேண்டும். எங்களிடம் அறை இல்லை.

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு நாற்பத்தொன்று.

அதற்கும் காரணம் நான்தான், மறைப்பானேன். சலவை நிலையம் ஒன்றில் விடுதிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற பெண் ஒருத்தி, வருஷத்தின் நடுவில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். இடமில்லை என்றேன். மறுநாளும் நின்றாள். பதினோரு நாள் நின்றாள். பன்னிரண்டாம் நாள் மழை. என் மனசு இளகிவிட்டது. பேரை எழுத முடியாது, ஆனால் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்காரட்டும், பள்ளியை அரசு எடுத்துக்கொண்டால் அடுத்த வருஷம் முறைப்படி சேர்த்துவிடலாம் என்று பெரிய டீச்சரிடம் நானே பேசினேன். அந்தத் தாய் என் கையைப் பிடித்து, "நீங்க எனக்கு கூடப் பொறந்த அக்கா மாதிரி," என்றாள். அன்றிலிருந்து நான் அக்கா, மகளுக்குப் பெரியம்மா. பட்டியலில் இல்லாதவளுக்கு ஏதாவது பேர் வேண்டுமே, அதனால் விருந்தாளி என்று நான் வைத்தேன். வகுப்பே அப்படித்தான் கூப்பிட்டது. அவளுக்கும் பிடித்திருந்தது. பதினோரு வயசு, உருவத்தில் எட்டு வயசு சொல்லலாம்.

சோதனை நாட்களில் ஒளித்துவைப்பது எங்கள் பள்ளியின் தனிக் கலை. உடைந்த பெஞ்சுகளை மொட்டை மாடிக்கு ஏற்றுவோம். பட்டம் இல்லாத ஓவிய ஆசிரியையை ஒருமுறை கழிவறையில் ஒளித்தோம். அதிகாரி போன பிறகும் வெளியே வரச் சொல்ல மறந்து, அம்மாள் மூன்று மணி நேரம் உள்ளேயே நின்று கதவில் ஒரு மயில் வரைந்துவிட்டார். அந்த மயில் ரொம்ப நாள் இருந்தது. ஆகவே நாற்பத்தொன்றாவது பிள்ளையை ஒளிப்பது எங்களுக்குப் பெரிய காரியமே இல்லை. அதற்கு முன் வந்த சில்லறைச் சோதனைகளில் மூன்று தடவை அவளை ஒளித்திருக்கிறேன், மூன்று தடவையும் படிக்கட்டுக்கடியில் இருந்த வரைபட அறையில். சுருட்டிய வரைபடங்கள், உடைந்த பூகோள உருண்டை ஒன்று, ஒரு பல்பு. நான் வெளியிலிருந்து இரண்டு தட்டு தட்டினால் நலமா என்று அர்த்தம். அவள் இரண்டு தட்டினால் நலம். உள்ளே உட்கார்ந்து வரைபடங்களைப் பார்த்துப் பார்த்தே வகுப்பில் யாருக்கும் தெரியாத நதிகளெல்லாம் அவளுக்குத் தெரிந்தன. ஒளிந்தே பூகோளம் படித்த பிள்ளை உலகத்தில் அவள் ஒருத்திதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் கூட்டல் இல்லை.

இப்போது அந்த நாள். அது நீண்ட விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாள். முந்தின நாள் மதியம் வரைபட அறையில் கரையான் கண்டு, மருந்து அடிக்கிறவரை வரவழைத்திருந்தேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போனவர் கண்ணெல்லாம் சிவந்து வெளியே வந்தார். "ரெண்டு நாளைக்குத் திறக்காதீங்க. உள்ள எலி இருந்தாலும் போயிடும்," என்றார். மூன்று முறை சொன்னார். அதையே ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார். கேட்டுக்கொண்டேன் என்பதற்கு அவருடைய சீட்டில் கையெழுத்தும் போட்டேன்.

அன்றைக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று தாயிடம் சொல்லியிருந்தேன். சொன்னதாகத்தான் நினைவு. அவள் காலை ஐந்தரைக்கே வேலைக்குப் போகிறவள். பிள்ளை தானாகத் தலை பின்னிக்கொண்டு வந்துவிட்டது. எட்டு ஐம்பதுக்கு அலுவலக வாசலில் நின்று, "இன்னிக்கு ஒளியணும்ல பெரியம்மா?" என்று சிரித்தது. அதே நேரம் குழுவின் கார் இருபது நிமிடம் முன்னதாகவே வாசலுக்குள் நுழைந்தது. பின்வாசல் சாவி காவலாளியிடம். காவலாளி முன்வாசலில் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கே ஒளிப்பது என்று நான் அவசரப்படவில்லை. நன்றாகவே யோசித்தேன். குழாய்களை எண்ணுகிறவர்கள் கழிவறைக் கதவு ஒன்றையும் விடமாட்டார்கள். மொட்டை மாடிக்கும் போவார்கள். அந்தக் கட்டடம் முழுவதும் யாரும் திறக்கச் சொல்லாத கதவு ஒன்றுதான் இருந்தது, ஏனென்றால் அதன்மேல் திறக்காதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தது.

கதவைத் திறந்ததும், "நாறுது பெரியம்மா," என்றாள்.

"கைக்குட்டையை மூக்குல வெச்சுக்கோ. கொஞ்ச நேரந்தான்."

"லைட்டு?"

"வேண்டாம், கதவுக்குக் கீழ வெளிச்சம் தெரியும்."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மற்ற மூன்று தடவையும் கதவைச் சும்மா சாத்தினேன். இந்தத் தடவை பூட்டினேன்.

வந்தவர்கள் மூன்று பேர். தடித்த கண்ணாடி போட்ட தலைவர், எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற ஓர் அம்மாள், ஒரு கட்டடப் பொறியாளர். பொறியாளருக்கு ஒரு வழக்கம், போகிற இடமெல்லாம் சுவரை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். தூண், நிலைப்படி, கரும்பலகை எதையும் விடவில்லை. பெரிய டீச்சர் கொஞ்சம் அசையாமல் நின்றிருந்தால் அவரையும் தட்டியிருப்பார். ஒன்பதே முக்காலுக்குப் படிக்கட்டுக்கடியில் வந்து நின்றார். இரண்டு தட்டு தட்டினார்.

உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "யாரு உள்ள?"

"கட்டடம் பழசு சார். மரியாதை தெரிஞ்சது. கேட்டா பதில் சொல்லும்," என்றேன்.

தலைவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. பொறியாளர் விளையாட்டாக மூன்று தட்டினார். உள்ளிருந்தும் மூன்று. "கணக்குகூட தெரியுதே," என்றார். சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போகிறது, மேல் தொட்டி நிறையும்போது இப்படித்தான் அடிக்கும் என்று சொல்லி, கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். திறந்தால் நாம் எல்லோரும் கரையான்களோடு கரையானாகக் கிடப்போம் என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். தட்டுவது நான் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். எங்கள் கணக்குப்படி, ஒன்பதே முக்காலுக்கு அவள் நலம். அதற்கு மூன்று அரசு அதிகாரிகள் சாட்சி.

ஆறாம் வகுப்பில் எழுதுகிற அம்மாள் தலைகளை எண்ணினார். நாற்பது. யாராவது விடுப்பா என்று கேட்டதற்கு நாற்பது பேரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். வகுப்பாசிரியை புதுசு, நெற்றி வியர்த்து நின்றாள். முதல் பெஞ்சில் ஒரு பெண் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அது உடனே குனிந்து புத்தகத்தைத் திறந்துகொண்டது.

பிறகு பெரிய டீச்சர் அறையில் தேநீர். அந்த அறைக்கும் படிக்கட்டுக்கும் ஒரே சுவர். பத்தே முக்கால் இருக்கும், தட்டல் தானாகத் தொடங்கியது. இரண்டு, மூன்று என்று இல்லை. கணக்கில்லாமல் வந்தது. கொஞ்சம் கழித்து அது கையால் தட்டுகிற சத்தமாகவும் இல்லை.

நான் பேசத் தொடங்கினேன். ஓவிய ஆசிரியையின் மயிலைச் சொன்னேன். அகராதி நாற்காலியைச் சொன்னேன். ஜன்னல் திசை மாறியதில் காற்றுக்கே குழப்பம் வந்து, ஆய்வுக்கூடத்துத் திரைச்சீலைகள் ஒரு வாரம் எந்தப் பக்கம் ஆடுவதென்று தெரியாமல் தொங்கின என்றேன். தலைவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார், அதுவும் உதவியாக இருந்தது. பொறியாளர் ஒருமுறை சுவரைப் பார்த்தார். தொட்டி நிறைகிறது என்றேன். பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. அவர் கோப்பைத் தட்டில் தேநீர் சிந்தியிருந்தது. வாழ்நாளில் நான் நிறையப் பேசியிருக்கிறேன், அன்று பேசியதுபோல் என்றும் பேசியதில்லை. பதினொன்று இருபதுக்குப் பள்ளி மணி அடிப்பதற்குச் சற்று முன் சத்தம் நின்றது. நான் ஒரு கதையின் நடுவில் இருந்தேன். அவசரப்படாமல் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

குழு ஒரு மணிக்குப் போனது. தலைவர் என்னிடம் தனியாக, உங்கள் பள்ளி மாதிரி கலகலப்பான பள்ளியைப் பார்த்ததில்லை என்றார். பிள்ளைகள் இரண்டு மணிக்கு விடுமுறைக்குக் கிளம்பினார்கள். பெரிய டீச்சர் கைப்பையோடு என் மேஜை முன்னால் நின்றார்.

"அந்தப் பொண்ணு போயிட்டாளா?"

"போயிட்டாம்மா."

"பின்பக்கமாவா?"

"ஆமா."

அவர் பையின் கொக்கியைப் போட்டார். போட்டிருந்த கொக்கியைத் திறந்து மறுபடி போட்டார். போனார். அதன்பின் அதைப் பற்றி அவர் கேட்டதில்லை. இப்போது அவர் இல்லை, நான் எதுவும் குறை சொல்லப்போவதில்லை.

ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை சாவி என் கையில் இருந்தது. ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். திறந்தால் ஒன்று, பிள்ளைக்கு உயிர் இருக்கும். அப்படியென்றால் மருத்துவமனை. எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எப்படி ஆனது என்று கேட்பார்கள். கையெழுத்தாக வேண்டிய கோப்பு திரும்பிவிடும். அறுநூறு பேர். இல்லை, உயிர் இருக்காது. அப்படியென்றால் திறந்து என்ன பயன். இரண்டு பக்கமும் பொறுமையாக வைத்துப் பார்த்தேன். திறப்பதில் யாருக்கும் நன்மை தெரியவில்லை.

ஐந்து மணிக்கு அவள் தாய் வந்தாள். இஸ்திரிச் சூட்டில் முகம் சிவந்திருந்தது.

"அக்கா, பாப்பா வீட்டுக்கு வரலையே."

பதினொரு மணிக்கே பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டேன் என்றேன். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று கேட்டாள். இடது பக்கம் என்றேன். போலீசுக்குப் போகலாம் என்று அவள் அழத் தொடங்கியபோது நான்தான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

"போலாம், நானும் வரேன். ஆனா பள்ளிக்கூடத்துக்கு வந்தான்னு சொல்லாத. பேரு பட்டியல்ல இல்லாத பிள்ளை இங்க எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. ஃபைல் நின்னுடும். நாளைக்கு அவ திரும்பி வந்தா எங்க உக்காருவா, சொல்லு?"

அவள் தரையைப் பார்த்து யோசித்தாள். "சரிக்கா. வீட்லேர்ந்து கடைக்குப் போனான்னு சொல்லிடறேன். அவ சீட்டு போயிடக் கூடாது," என்றாள்.

அப்படியே சொன்னாள். போலீஸார் அவள் வீட்டுத் தெருவிலிருந்து தேடத் தொடங்கினார்கள். கடைகள், பேருந்து நிலையம், ஆற்றங்கரை எல்லாம் தேடினார்கள். நல்லபடியாகத்தான் தேடினார்கள், குறை சொல்ல முடியாது. நான் கூடவே போனேன். அவள் கையை விடவில்லை.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. பள்ளியை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. கூடவே பொறியாளரின் குறிப்பு ஒன்று இணைக்கப்பட்டிருந்தது, படிக்கட்டுக்கடியில் உள்ள வெற்றிடம் கட்டடத்துக்கு நல்லதல்ல, நிரந்தரமாக மூடப்பட வேண்டும் என்று. நானாக ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. உத்தரவை நிறைவேற்றினேன். விடுமுறை, பள்ளி காலி. கொத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே இருப்பதை எடுத்துவிடலாமா என்றார். கரையான் மருந்து, எலி செத்திருக்கும், கதவைத் தொடாதே என்றேன். ஒரு நாள் வேலை. பிள்ளைகள் திரும்பி வந்தபோது புதுச் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. விருந்தாளி ஊர் மாறிவிட்டாள் என்று வகுப்பில் சொன்னேன்.

கேட்டீர்களே, அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன். மருந்து அடித்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பூட்டினேன். தட்டியதைக் கேட்டேன். நின்றதையும் கேட்டேன். சாவி என்னிடம் இருந்தது, யாரும் என்னைத் தடுக்கவில்லை. இதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஆனால் அந்தக் கதவை நான் கடைசிவரை திறந்து பார்க்கவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பார்க்காத ஒன்றுக்காக ஒருத்தியைக் கொலைகாரி என்று சொல்லிவிடுவது எவ்வளவு தூரம் சரி என்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளியைப் போய்ப் பாருங்கள். இன்று ஆயிரத்து நூறு பெண்கள். ஒரு காசு கட்டணம் இல்லை. அந்த ஆறாம் வகுப்பு நாற்பது பேரில் இருவர் மருத்துவர்கள், ஒருத்தி விமானம் ஓட்டுகிறாள். சரி, விமான நிலையத்தில் வேலை பார்க்கிறாள்.

அந்தத் தாயையும் நான் கைவிட்டுவிடவில்லை. அரசு பள்ளியை ஏற்றுக்கொண்டபோது ஒரு துப்புரவுப் பணியிடமும் வந்தது. எண்பது பேர் கேட்டார்கள், உண்மையில் ஒன்பது பேர். நானே விண்ணப்பம் எழுதி, நானே பேசி, அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷமாக அந்தத் தாழ்வாரத்தை அவள்தான் பெருக்குகிறாள். படிக்கட்டுக்கடியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள், அந்த இடத்தில் குளிர்ச்சியாக இருக்கிறதாம். வருஷத்துக்கு ஒரு முறை என்னிடம் கேட்பாள், "இடது பக்கந்தானேக்கா திரும்பினா?" ஆமாம் என்பேன். ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை. பின்வாசலுக்கு இடது பக்கத்துத் தெருவுக்கே வீட்டை மாற்றிக்கொண்டுவிட்டாள்.

சுவரை உடைத்த அன்று அவள் கண் பரிசோதனைக்காக விடுப்பில் இருந்தாளாம். நாளை வேலைக்கு வருவாள். நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்கு அனுபவம் போதாது, அதனால் ஒன்று சொல்கிறேன். எடுத்ததுமே கதவைப் பற்றிப் பேச வேண்டாம். அவளை உட்காரவைத்து, அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்பதை முதலில் நினைவுபடுத்துங்கள். பிறகு மற்றதைச் சொன்னால் அவளுக்கு என்மேல் வருத்தம் இருக்காது.